அவர்நிலம்

உடுவிலிலிருந்து சுன்னாகம் சந்தைக்குப் போகும் வழியில், எங்கள் வீட்டின் முன்னறையில் எனக்கொரு தட்டச்சுக் கடை இருக்கிறது. இரண்டு கணினி, ஒரு அச்சுப்பொறி, நான். கலியாண அழைப்பிதழ், விண்ணப்பக் கடிதம், செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டு, இவைதான் வேலை. கல்வெட்டில் எல்லோரும் நல்லவர்கள். வாழ்நாள் முழுக்க அயலோடு வேலிச் சண்டை பிடித்த மனிதரை ‘பண்பின் சிகரம்’ என்று எத்தனையோ தரம் நானே அடித்திருக்கிறேன். இதையும் அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை. நான் ஒரு பெண்ணுக்குச் செய்ததை எழுதப் போகிறேன். இதை வாசித்தபிறகு என்னை யாரும் நல்லவள் என்று சொல்லமாட்டார்கள், சொல்லவும் வேண்டாம்.

ஒரு விண்வெளித் தொடர் இருந்தது. ஒரு கப்பல், அதன் தலைவன், அவனோடு போகிற ஆட்கள், ஒவ்வொரு கிழமையும் ஒரு புதுக் கோள். டிஷ் அன்ரெனா வந்த காலத்தில் ஒரு நாள் விடாமல் பார்த்தேன். பிறகு அது படங்களாகவும் வந்தது. திரையில் வந்த கதை முடிந்த இடத்திலிருந்து, அதே ஆட்களை வைத்து வேறு வேறு எழுத்தாளர்கள் நாவல்களும் காமிக்ஸ் புத்தகங்களுமாக எழுதிக் குவித்தார்கள். தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புத்தகங்கள் என்றால் இளக்காரம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அவற்றைத் தமிழில் கொண்டுவர ஒரு சென்னைப் பதிப்பகம் ஆள் தேடுகிறது என்று முகநூலில் பார்க்கும்வரை.

முதல் நாவலின் முதல் அத்தியாயத்தை மொழிபெயர்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு கிழமை இருந்து செய்தேன். என்னிடம் நல்ல ஆங்கிலம் இருந்தது, இலக்கணம் பிசகாத தமிழ் இருந்தது, தொடரைக் கரைத்துக் குடித்திருந்தேன். எனக்கில்லாமல் வேறு யாருக்குக் கிடைக்கப்போகிறது என்று இருந்தேன். இரண்டு வரியில் பதில் வந்தது. நன்றி, வேறொருவரைத் தெரிவுசெய்துவிட்டோம்.

பத்து நாள் கழித்து அந்த வேறொருவர் என் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். பின் கரியரில் ஒரு உரப்பை கட்டியிருந்தது. அதற்குள் பன்னிரண்டு சீஆர் கொப்பிகள், தடித்த மட்டை போட்ட நோட்டுகள், கையால் எழுதி நிரப்பியவை.

“அக்கா, இதைத் தமிழில ரைப் பண்ணித் தருவியளோ? சென்னைக்கு அனுப்பவேணும்.”

முதல் கொப்பியைத் திறந்தேன். நான் ஒரு கிழமை மாரடித்த அதே முதல் அத்தியாயம். கொப்பியின் பக்கங்களைப் போனில் படமெடுத்து அனுப்பித்தான் தெரிவாகியிருந்தாள். தட்டச்சுக்கூடத் தெரியாது. “செய்யலாமே, இரும்” என்றேன்.

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். “பிள்ளை எவடம்?”

“மயிலிட்டி, அம்மா.”

அம்மா ‘ஓ’ என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். வழக்கமாக வருகிற தேத்தண்ணி அன்றைக்கு வரவில்லை. ‘எவடம்’, எந்த ஊர் என்று கேட்டால் உண்மையில் கேட்பது சாதியைத்தான் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; மயிலிட்டி மீன்பிடிக்கிறவர்களின் ஊர். அவளுக்கும் தெரிந்தது. தலையைக் குனிந்து கொப்பிகளை அடுக்கத் தொடங்கினாள். எனக்கு அம்மாவில் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

அவள் மயிலிட்டியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனத்துக்குப் பல வருடமாகக் காத்திருப்பவள். கிழமையில் மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வருவாள். அவள் வாசிக்க நான் அடிப்பேன். முதல் புத்தகம் ஒழுங்காக வந்தால் மிச்சப் பதினொன்றும் அவளுக்குத்தான் என்று பதிப்பகம் சொல்லியிருந்தது. அவள் எப்போதோ பன்னிரண்டையும் முடித்துவைத்திருந்தாள். ஒருவரும் கேட்காமல், ஒருவருக்கும் காட்டாமல், முகாமில் இருந்த காலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தது. அந்தப் பன்னிரண்டும் தன் பேரில் தமிழில் வரவேண்டும். அதற்குமேல் அவள் எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்து அவள் வளர்ந்தது சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு முகாமில். அங்கே யாரோ வெளிநாட்டுக்காரர் அனுப்பிய பெட்டியொன்று வந்ததாம். பழைய உடுப்புகளுக்கு அடியில் பன்னிரண்டு நாவலும் ஒரு கட்டு காமிக்ஸும். உடுப்புக்குத்தான் அடிபாடு. புத்தகங்களை ஒருவரும் தொடவில்லை, அவள் எடுத்துக்கொண்டாள். தொடரை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்படியொரு தொடர் இருக்கிறது என்பதே பிறகுதான் தெரியும். காமிக்ஸ் படங்களைப் பார்த்து, நாவல்களை அகராதியோடு வாசித்து, முழுக் கப்பலையும் தானே மனதில் கட்டியிருந்தாள்.

அவள் கட்டியது எந்தத் துறையில் கட்டியது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. கப்பல் தலைவனுக்கு அவள் வைத்த சொல் ‘தண்டையல்’. கடலோடிகள் பாய்க்கப்பல் ஓட்டியவர்களைச் சொல்லுகிற சொல். கப்பலின் முன்பக்கம் ‘அணியம்’. சூரியனிலிருந்து வீசுகிற துகள்காற்று ‘சூரியச் சோளகம்’; சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிற கடற்காற்று.

“விண்வெளிக் கப்பலோ வள்ளமோ உது?” என்று கேட்டேன். “மீன் மணக்குது பிள்ளை.”

அவள் சிரித்தாள். அந்தச் சொல் அவளுக்குப் பட்டதென்று எனக்குத் தெரியும். படட்டும் என்றுதான் சொன்னேன்.

“கப்பலெண்டால் கப்பல்தானே அக்கா. கீழ தண்ணி இல்லையெண்டால் ஆக்களுக்குப் பேர் மாறுமோ?”

ஒருநாள் அவளை மடக்கவென்றே கணினியில் தொடரின் முதல் பகுதியைப் போட்டுக் காட்டினேன். தலைவன் திரையில் வந்து நின்றான். வடிவான ஆள், வெளுத்த சட்டை. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பத்து நிமிடம் பார்த்தாள்.

“நிப்பாட்டுங்கோ அக்கா. உவர் தண்டையல் இல்லை.”

“அவர்தான் உண்மையான ஆள். நீர் வாசிச்சதெல்லாம் அவரைப் பாத்து ஆரோ எழுதினது.”

“இருக்கட்டும். உவருக்குக் கடல் தெரியாது.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் நகல் எடுக்க வந்து நின்றவருக்கும் விளங்கப்படுத்திச் சொல்லி அவரையும் சிரிக்கவைத்தேன். அவள் அடுத்த பக்கத்தை வாசிக்கத் தொடங்கினாள்.

அவளுடைய கொப்பிகளில் ஓரத்தில் சின்னச் சின்னக் கோட்டு மனிதர்கள் இருப்பார்கள். காமிக்ஸ் வாசித்துப் பழகிய பழக்கம். யாராவது வாய் திறக்குமுன், யார் எங்கே நிற்கிறார்கள் என்று முதலில் கீறிக்கொள்வாள். பிறகுதான் அவன், இவன், உவன் மூன்றில் எது என்று எழுதுவாள். எங்கள் ஊர்ப் பேச்சில் மூன்றும் உண்டு. இவன் என் பக்கத்தில் நிற்பவன். அவன் இருவருக்கும் தூரத்தில் நிற்பவன். உவன் உன் பக்கத்தில் நிற்பவன். பள்ளிக்கூடத்தில் இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. ஒருவரும் பிழைவிடுவதுமில்லை.

எட்டாம் அத்தியாயத்தை அடித்த அன்றைக்கு எனக்கே கை நின்றுவிட்டது. கப்பல் ஓர் உப்புக் கோளுக்கு மேல் நிற்கிறது. வைத்தியன் கீழே தரையில் இருக்கிறான். தண்டையலுக்குப் பக்கத்தில் நிற்பவன் பொறியாளன். இருவரில் ஒருவன் துரோகி, யாரென்று தெரியாது. இவர்கள் எல்லோருக்கும் தூரத்தில் காவலுக்குப் போனவன், சாகப்போகிற நேரத்தில் தண்டையலை ரேடியோவில் கூப்பிடுகிறான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒரு முழு வசனம் இருந்தது. அவள் ‘உவனை’ என்ற ஒரே சொல்லில் முடித்திருந்தாள்: “தண்டையல், உவனை நம்பாதேங்கோ.” தண்டையல் திரும்பிப் பக்கத்தில் நின்றவனைச் சுடுகிறான். ஆங்கிலத்தைவிட நன்றாக இருந்தது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

நூல் முடிகிற நேரம் சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் எழுதினார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். தண்டையல் அழகான சொல், வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த உவன், உது, உந்த என்பவை தட்டச்சுப் பிழையா? எங்கள் வாசகருக்கு விளங்காதே, மாற்ற முடியுமா? அவள் மாற்றமாட்டேன் என்றாள். எட்டாம் அத்தியாயத்தை விளக்கி என்னைக்கொண்டு ஒரு பக்கம் எழுதுவித்து, என் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. விளங்கிக்கொண்டேன், அப்படியே இருக்கட்டும், இறுதி வடிவத்தை அனுப்புங்கள்.

ஆகவே சென்னை அவளை ஒன்றும் செய்யவில்லை. இதைத் தெளிவாக எழுதிவிடவேண்டும், ஏனென்றால் பிறகு பலர் வேறுவிதமாகச் சொன்னார்கள்.

அந்தப் பதில் வந்த நாள் அவளுக்கு ஒரே சந்தோஷம். அவள் சந்தோஷத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நானும் முதல் அத்தியாயத்தை மொழிபெயர்த்திருக்கிறேன், பார்க்கிறீரோ என்று கேட்டு வாயைக் கொடுத்தேன். புகழ்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஆறுதலாக இருந்து கடைசிவரை வாசித்தாள்.

“நல்ல தமிழ் அக்கா. ஒரு பிழை இல்லை.”

“பிறகென்ன?”

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத ஆள். “இவ்வளவு ஆக்கள் நிக்கினம், ஆனால் ஒருத்தரும் கதைக்கேல்லை அக்கா.”

சொன்னதும் தனக்கே ஒரு மாதிரி இருந்திருக்கவேண்டும். இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டாள். “நீங்களே அனுப்பிவிடுங்கோ. நான் வாறன்” என்று சைக்கிளை எடுத்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் போன பிறகு நான் கோப்பைத் திறந்தேன். தேடு, மாற்று. உவன் என்பதற்கு அவன். உவனை, அவனை. உவள், அவள். உவர், அவர். உது, அது. உந்த, அந்த. ஒவ்வொன்றுக்கும் எத்தனை இடத்தில் மாற்றினேன் என்று கணினி தொகை சொன்னது. ஒன்றையும் திருப்பிப் பார்க்கவில்லை. அனுப்பினேன். அவளுடைய சம்மதத்தோடுதான் இந்த மாற்றம் என்று ஒரு வரியும் சேர்த்தேன். அடுத்த நாள் எனக்கு மனம் மாறியிருக்கலாம். மாறவில்லை, நன்றாகத் தூங்கி எழும்பினேன்.

புத்தகம் வந்தது. மயிலிட்டித் துறைக்குக் கிட்ட ஒரு வாசிகசாலையில் அறிமுகக் கூட்டம் வைத்தார்கள். அவளுடைய சொந்தக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், துறையிலிருந்து நேரே வந்த ஆம்பிளைகள். மேடையில் என்னையும் இருத்தினார்கள். முதல் பிரதியை எனக்குத்தான் தந்தாள். அவளுடைய பள்ளிக்கூட அதிபர் எழும்பி, ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுகிறேன் என்று நடுவில் விரித்தார்.

“கப்பல் மேல்நோக்கி அந்தப்பட்டது.”

நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி வாசித்தார். அந்தப்பட்டது என்றுதான் இருந்தது. உந்தப்பட்டது என்ற சொல்லுக்குள்ளும் என் கணினி ஓர் ‘உந்த’வைக் கண்டுபிடித்திருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் விடாமல் அடுத்த வரிக்குப் போனார்.

“அவர்கள் அவர்நிலத்தில் இறங்கினார்கள். எங்கும் அவர்ப்பு. கிணற்றிலும் அவர்த் தண்ணீர்.”

அந்த உப்புக் கோளுக்கு அவள் வைத்த பேர் உவர்நிலம். உவர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளி வளர்ந்த சனம் முன்னால் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் சத்தமாகக் கேட்டார்: “ஆர் அந்த அவர்?” மற்றவர் சொன்னார்: “தண்டையலின்ரை மனுசிக்குக் குடுத்த சீதனக் காணியாக்கும்.” வாசிகசாலை அதிரச் சிரித்தார்கள். அவளுடைய தாய் ஏனென்று தெரியாமல் தானும் சேர்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. தன் பிரதியில் எட்டாம் அத்தியாயத்தைத் தேடி எடுத்தாள். ‘தண்டையல், அவனை நம்பாதேங்கோ’ என்று இருந்தது. வாசித்துவிட்டு மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள்.

“சென்னையில மாத்திப்போட்டினம் அக்கா.”

“ஓம் பிள்ளை,” என்றேன். “அவங்கள் அப்பிடித்தான்.”

அடுத்த கிழமை முகநூலில் தொடங்கியது. சாகிறவன் தூரத்தில் இருப்பவனை நம்பாதே என்கிறான், இந்தத் தண்டையல் பக்கத்தில் நிற்கும் அப்பாவியைச் சுடுகிறார், மொழிபெயர்ப்பாளருக்கு ஆங்கிலமும் தெரியாது தமிழும் தெரியாது என்று ஒருவர் எழுதினார். அவர்நிலம் என்று ஒரு பகிடிப் பக்கமே வந்தது. தொடரின் ரசிகர்கள்தான் மோசம். அவர்களுடைய தலைவனைத் தண்டையல் ஆக்கிய கோபம் எல்லாம் அவள் தலையில் விழுந்தது. அவளுடைய படத்தை எடுத்து அடியில் மீனும் வலையும் கீறிப் போட்டார்கள். வேறு பேரில் நான் வைத்திருந்த கணக்கிலிருந்து அதற்கு ஒரு சிரிப்புக்குறி போட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள் அவளைக் கண்டால் ‘அவர் ரீச்சர்’ என்று கத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பதிப்பகம் எனக்கு எழுதியது. இரண்டாவது நூலை நீங்களே செய்ய முடியுமா? கடிதங்களில் உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறது. ஒரு வேண்டுகோள், முதல் நூலில் அந்த ஊர்ப் பேச்சை எடுத்தது பிழையாகப் போய்விட்டது, இதில் அது இருக்கட்டும். நான் சம்மதித்தேன். அந்தக் கிழமையே அவள் கடைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள்.

“கொப்பியளை எடுத்துக்கொண்டு போவமெண்டு வந்தனான் அக்கா.”

முதல் நாளிலிருந்தே அவள் என்னிடம் விட்டுவைத்திருந்த கொப்பிகள் எனக்குப் பின்னால் இரும்பு அலுமாரிக்குள் இருந்தன. அலுமாரி பூட்டியிருந்தது, திறப்பு என் இடுப்பில்.

“என்னெண்டு சொல்லுறது பிள்ளை. கறையான் அரிச்சுப்போட்டுது. எரிச்சுப்போட்டன்.”

“பன்னிரண்டுமோ?”

“பன்னிரண்டும்.”

அவள் அலுமாரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். முகாமிலிருந்து வீடு திரும்பும்வரை, எத்தனையோ இடம் மாறியும், ஒரு பக்கம் கிழியாமல் அவள் கொண்டுதிரிந்த கொப்பிகள்.

இரண்டாவது நூல் என் பேரில் வந்தது. இரண்டாம் கொப்பியைப் பார்த்து அடித்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. பேச்சு உயிரோடு இருக்கிறது என்று எழுதினார்கள். உவன் என்ற சொல்லைப் பற்றித் தனியாக ஒருவர் கட்டுரையே எழுதினார். ஓர் இணைய இதழில் பேட்டி எடுத்தார்கள். இவ்வளவு துல்லியமாக எப்படி முடிகிறது என்று கேட்டார்கள். ஓரத்தில் சின்னக் கோட்டு மனிதர்களைக் கீறிப் பார்ப்பேன், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எனக்குப் பேச்சு வரும் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் தடுமாறவில்லை.

போன மாதம், வேலை நாளொன்றில், பள்ளிக்கூடம் விடுவதற்கு முதலே, மத்தியானத்துக்குக் கிட்ட அவள் வந்தாள். கையில் இரண்டாவது நூல். நிறைய இடங்களில் பக்கம் மடித்திருந்தது. அந்த மடிப்புகளைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள் என்று விளங்கிவிட்டது. ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏசினால் என்ன சொல்வதென்று பதிலும் வைத்திருந்தேன். அவள் கதிரையில்கூட இருக்கவில்லை.

“அடுத்ததும் செய்யிறியளோ அக்கா?”

“ஓம். முடியுது.”

“கடைசி அத்தியாயத்தில தண்டையலின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஒருத்தன் நிப்பான். தூரத்தில கிடந்து சாகிறவன் அவனைக் காட்டித் தண்டையலிட்டைச் சொல்லுற இடம். அதில நான் ‘இவன்’ எண்டு எழுதியிருக்கிறன். அப்ப எனக்குப் பதினேழு வயசு, சரியாப் பாக்கேல்லை. ‘உவன்’ எண்டு வரவேணும். அச்சில போகமுதல் மாத்திவிடுங்கோ.”

அந்தக் கொப்பி எரிந்துபோய்விட்டது என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. அவள் நான் ஏதாவது சொல்வேனா என்று காத்திருக்கவும் இல்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சந்தைப் பக்கமாகப் போனாள்.

அலுமாரியைத் திறந்து மூன்றாம் கொப்பியை எடுத்தேன். கடைசி அத்தியாயத்தில் மூன்று கோட்டு மனிதர்கள் நின்றார்கள், இருவர் கிட்ட, ஒருவன் தூரத்தில். அவள் சொன்னது சரி. இவன் என்பதை வெட்டி உவன் என்று எழுதினேன். கோப்பிலும் திருத்தினேன். பிறகு முதல் பக்கத்துக்குப் போய், மொழிபெயர்ப்பு என்ற இடத்தில் என் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சென்னைக்கு அனுப்பினேன்.